கலைக்கூடத்திலிருந்து ஓவியப் பள்ளியைப் பிரிக்காதீர்கள்: மாவட்ட மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட மன்றத் தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும்,

நம் பட்டணத்துக் கலைக்கூடத்தின் பின்மண்டபத்தில் நடந்துவரும் ஓவியப் பயிற்சிப் பள்ளியைச் சமூக மண்டபத்தின் மாடிக்கு மாற்றுவதென்றும், காலியாகும் பின்மண்டபத்தைத் திருமண வரவேற்புகளுக்கும் நிறுவனக் கூட்டங்களுக்கும் வாடகைக்கு விடுவதென்றும் மன்றம் முடிவெடுத்திருக்கிறது. சொல்லப்பட்ட காரணம்: கலைக்கூடம் பார்ப்பதற்கான இடம், வகுப்பை எங்கு வேண்டுமானாலும் நடத்திக்கொள்ளலாம். கூடவே இன்னோர் உத்தரவு: காட்சி அறைகளில் இனி யாரும் உட்கார்ந்து வரையக் கூடாது.

முதல் முடிவைவிட இந்த இரண்டாவது உத்தரவுதான் எங்களை அதிகம் கலங்கவைக்கிறது. மண்டபம் போனால் வேறு மண்டபம் தேடலாம். சுவரில் தொங்கும் படத்தின் முன்னால் உட்கார்ந்து வரையும் உரிமை போனால் இந்தப் பள்ளிக்கும் ஏதோ ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் டியூஷனுக்கும் வித்தியாசம் இராது.

இதை எழுதும் நாங்கள் அங்கே கற்பிப்பவர்களும் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும். இந்த மடலின் மலாய் வடிவத்தை மன்ற அலுவலகத்தில் முறைப்படி ஒப்படைத்துவிட்டோம். சுற்றுத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை பஸ்ஸிலும் மோட்டாரிலும் அனுப்பும் குடும்பங்களும் விஷயத்தை அறியட்டும் என்று தமிழில் வெளியிடுகிறோம். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது ஒரு குறை. கலைக்கூடத்தோடு ஒட்டிய பள்ளி எப்படி வேலை செய்கிறது என்று யாருமே விசாரிக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய குறை.

பொதுக் கலைக்கூடம் என்ற ஏற்பாடே வரைபவர்களை மனத்தில் வைத்துத் தொடங்கியதுதான். பாரிஸின் லூவர் அரண்மனை 1793இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டபோது, புரட்சி அரசு கொண்டுவந்த பத்து நாள் வாரத்தில் பொதுமக்களுக்கு மூன்று நாள்தான் ஒதுக்கினார்கள். ஓவியர்கள் உட்கார்ந்து படியெடுக்க அதைவிடக் கூடுதல் நாள்கள் கொடுத்தார்கள். இன்றும் அங்கே அனுமதி பெற்ற ஓவியர் காட்சி அறையிலேயே ஓவியத் தாங்கியை நிறுத்தி எண்ணெய் வண்ணத்தில் படியெடுக்கலாம். படி மூலத்தைவிட ஐந்தில் ஒரு பங்காவது பெரிதாகவோ சிறிதாகவோ இருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். மூலம் என்று சொல்லி யாரும் விற்றுவிட முடியாது. கோடிக்கணக்கில் மதிப்புள்ள படங்களுக்கு இந்த விதி போதுமென்றால், நம் கூடத்துக்கு ஏன் போதாது?

சிக்காகோவில் பள்ளிதான் முதலில் வந்தது. 1866இல் ஓவியர்கள் கூடித் தொடங்கிய பள்ளி கடனில் மூழ்கியது. 1879இல் புதிய அமைப்பாக எழுந்து, 1882இல் சிக்காகோ கலைக் கழகம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இன்று உலகம் வரிசையில் நின்று பார்க்கும் அதன் ஓவியத் தொகுப்பு பெரும்பாலும் அதற்குப் பிறகு சேர்ந்ததே.

நம் நிலைமைக்கு மிக நெருக்கமானது மெல்பர்ன். தங்கம் எடுக்க வந்த கூட்டத்தால் திடீரென்று வளர்ந்த குடியேற்ற நகரம் அது. விக்டோரியா தேசியக் கலைக்கூடம் 1861இல் அங்கே திறக்கப்பட்டபோது காட்டுவதற்குப் பெரிய படங்கள் இல்லை. ஐரோப்பியச் சிற்பங்களின் பிளாஸ்டர் பிரதிகளைத்தான் வைத்தார்கள். 1867இல் அதே வளாகத்தில் ஓவியப் பள்ளி தொடங்கியது. 1870இல் யூஜீன் வான் கெரார்ட் ஓவியப் பிரிவின் முதல் தலைமை ஆசிரியரானார். அவருடைய பாடமுறையில் கலைக்கூடத்துப் படங்களைப் படியெடுப்பதே முதன்மை. மாணவர்கள் சலித்துக்கொண்டார்கள், அதில் நியாயமும் இருந்தது. 1882இல் பொறுப்பேற்ற ஃபாலிங்ஸ்பி ஆளை நிறுத்தி வரைவதையும் காட்சி அமைப்பதையும் உள்ளே கொண்டுவந்தார். 1887இல் ஐரோப்பியப் பயண உதவித்தொகை தொடங்கியது, முதலில் வென்றவர் ஜான் லாங்ஸ்டாஃப். வென்றவர் பழைய மேதை ஒருவரின் படத்தைப் படியெடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. அனுப்பிய படி கலைக்கூடத்துக்குப் போகும், அடுத்த மாணவர் அதைப் பார்த்துக் கற்பார். பணம் கொழுத்த ஊர் செய்த சிக்கனம் இது.

அந்தப் பள்ளியில் படித்தவர்கள் யார் என்றும் பாருங்கள். ஃபிரெடரிக் மெக்கபின் ரொட்டிக் கடைக்காரரின் மகன். கடை வண்டி ஓட்டியவர், குதிரை வண்டிகளுக்கு வண்ணம் அடிக்கும் தொழில் பழகியவர். டாம் ராபர்ட்ஸ் புகைப்படக்காரரிடம் உதவியாளர். ஜேன் சதர்லண்ட் போன்ற பெண்களுக்கும் அங்கே இடம் இருந்தது. பகலில் வேலை, மாலையில் வகுப்பு. மெக்கபின் 1880களில் அதே பள்ளியில் வரைகலை ஆசிரியராகச் சேர்ந்து 1917இல் இறக்கும்வரை கற்பித்தார். 1904இல் அவர் தீட்டிய ‘முன்னோடி’ என்ற மூன்று பலகை ஓவியத்தை 1906இல் அதே கலைக்கூடம் விலைக்கு வாங்கியது. யாருடைய படங்களை எந்தச் சுவரில் பார்த்து வரையப் பழகினாரோ, அந்தத் தொகுப்பிலேயே அவருடைய படமும் சேர்ந்தது. 1892 முதல் 1935 வரை பெர்னார்ட் ஹால் என்ற ஒரே ஆள் கலைக்கூடத்துக்கும் இயக்குநர், பள்ளிக்கும் தலைவர். படம் வாங்குகிறவரே பாடம் நடத்துகிறவர் என்பதில் ஆபத்தும் உண்டு, அவருடைய ரசனைக்கு அடங்காத மாணவர்கள் திணறியிருப்பார்கள். ஆனாலும் எந்தப் படம் மாணவர் கைக்கு உதவும் என்று தெரிந்த ஒருவர் கொள்முதல் மேசையில் இருந்தார். நம் கூடத்தின் கொள்முதல் பட்டியலில் கடந்த சில ஆண்டுகளாகக் கேன்வாஸில் அச்சடித்த டிஜிட்டல் பிரதிகள் கூடிக்கொண்டே போவதைப் பார்க்கையில், அப்படி ஒருவர் நம் மேசையிலும் இருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது. அச்சுப் பிரதியில் தூரிகைத் தடம் கிடையாது. அதிலிருந்து ஒரு பிள்ளை கற்க ஒன்றுமில்லை.

சுவரில் தொங்குவது கையை எப்படி மாற்றும் என்பதற்குக் கல்கத்தா சாட்சி. அரசு ஓவியப் பள்ளியோடு சேர்த்து 1876இல் அங்கே ஒரு கலைக்கூடம் அமைத்து ஐரோப்பியப் படங்களின் படிகளை மாட்டினார்கள். 1884 முதல் சென்னை ஓவியப் பள்ளியை நடத்திவிட்டு 1896இல் கல்கத்தாவுக்குப் போன ஆங்கிலேய ஆசிரியர் ஹாவெல், அவற்றை அகற்றி முகலாய ஓவியங்களையும் இந்தியச் சிற்பங்களையும் கொண்டுவந்தார். கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆனால் அவனீந்திரநாத் தாகூரைச் சுற்றி ஒரு புதிய ஓவிய மரபு தழைக்க அந்தச் சுவர்மாற்றமும் ஒரு காரணம்.

பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கும் பழைய கணக்கு இருக்கிறது. வாஷிங்டனின் கார்கரன் கலைக்கூடம் 1869இல் நிறுவப்பட்டது, 1890இல் அதன் பள்ளி முறைப்படி தொடங்கியது. பணநெருக்கடி முற்றி 2014இல் நீதிமன்ற அனுமதியோடு அமைப்பையே கலைத்தார்கள். பள்ளியும் கட்டடமும் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போயின. படங்களில் தேசியக் கலைக்கூடம் தேர்ந்தெடுத்தவை அங்கே போக, மீதி பல கைகளுக்குப் பிரிந்தன. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் பள்ளி 1876இல் தொடங்கியது, 2016இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் கீழ் போனது. மெல்பர்ன் பள்ளியும் 1970களில் விக்டோரியா கலைக் கல்லூரியின் முதல் உறுப்பாக இணைந்தது. இந்த மூன்று பள்ளிகளையும் தாங்கிக்கொள்ள வேறொரு பெரிய நிறுவனம் இருந்தது, ஆகவே பிழைத்தன. நம் பட்டணத்தில் அப்படி எது இருக்கிறது? சமூக மண்டபத்தின் மாடி ஒரு நிறுவனம் ஆகாது.

கார்கரன் பெயரை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்கிறோம். பினாங்கில் பிறந்த நம் நாட்டு ஓவியர் நிர்மலா தத் சண்முகலிங்கம் பயின்ற இடங்களில் அதுவும் ஒன்று. தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வளர்ந்த சையது தாஜுதீன் 1968இல் சென்னை கவின்கலைக் கல்லூரிக்குப் போய்ப் படித்தார். தலைநகர் கோலாலம்பூரின் தேசிய ஓவியக் கூடம் 1958 ஆகஸ்டில் துங்கு அப்துல் ரஹ்மானால் ஜாலான் அம்பாங்கில் திறக்கப்பட்டபோது அதோடு பள்ளி எதுவும் வரவில்லை. அந்த வெற்றிடத்தைக் குழுக்கள் நிரப்பின. பீட்டர் ஹாரிஸ் 1952இல் தொடங்கிய புதன்கிழமை ஓவியக் குழு அவற்றில் ஒன்று, அதில் வளர்ந்தவர் பேட்ரிக் இங். அவர் அதே தலைநகரின் விக்டோரியா கல்விக்கூடம் என்ற பள்ளியில் கற்பித்தபோது அங்கே மாணவராக இருந்த சுல்கிஃப்லி புயோங் பதின்பருவத்தில் பாஸ்டலில் வரைந்த படங்கள் இன்றும் தேசியத் தொகுப்பில் பேசப்படுகின்றன. தலைநகரில் ஒரு பள்ளி மாணவனுக்குக் கிடைத்தது, செம்பனைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைக்கும் கிடைக்கட்டும் என்றுதான் இந்தப் பின்மண்டபம் நடக்கிறது.

இனி நடைமுறைக்கு வருவோம். ‘எங்கு வேண்டுமானாலும்’ என்பது ஏன் செல்லாது?

எங்கள் பாடம் இரண்டு அறைகளுக்கு நடுவில் நடக்கிறது. காட்சி அறையில் 2பி பென்சிலும் ஏ3 அளவு பலகையும் மட்டும். மாணவர் படத்தின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்தில் உட்கார்ந்து பெரிய வடிவங்களையும் ஒளி நிழல் எல்லைகளையும் குறிக்கிறார். பிறகு பக்கத்தில் போய், சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று, வண்ணம் எந்த வரிசையில் ஏறியிருக்கிறது என்று பார்க்கிறார். சூடில்லாத சிறு எல்இடி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தடித்த தூரிகைத் தடங்கள் நிழலோடு எழும், மெல்லிய பூச்சுகள் தட்டையாகவே கிடக்கும். விளக்கைப் பிடிப்பவர் ஆசிரியர் மட்டும், அதுவும் எண்ணெய் ஓவியத்துக்கு மட்டும். காகித ஓவியங்களுக்கு 50 லக்ஸ் ஒளிக்கு மேல் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறோம். குறிப்பு முடிந்ததும் பின்மண்டபத்துக்குப் போய் வண்ணம் கலக்கிறார்கள். கலந்த வண்ணத்தை ஒரு காகிதத் துண்டில் தடவி, காயவைத்து, மறுபடியும் காட்சி அறைக்குக் கொண்டுவந்து ஒப்பிடுகிறார்கள். நீர்வண்ணம் காய்ந்தால் வெளிறும், அக்ரிலிக் காய்ந்தால் கருக்கும். ஆகவே முதல் ஒப்பீடு எப்போதும் தப்பும். ஒரு சாம்பல் பச்சையைப் பிடிக்க நாலைந்து தடவை நடக்க வேண்டியிருக்கும். அந்த நடைதான் பாடம். பின்மண்டபம் சில எட்டு தூரத்தில் இருப்பதால் அது முடிகிறது. பெருஞ்சாலைக்கு அந்தப்பக்கம் உள்ள மண்டபத்தின் மாடியிலிருந்து எந்தப் பிள்ளை வண்ணத்துண்டைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து வரும்?

கைப்பேசியில் படம் பிடித்துப் போய்ப் பார்க்கலாமே என்று ஓர் அதிகாரி சொன்னதாக அறிகிறோம். திரை தானே ஒளிர்கிறது, ஓவியம் ஒளியை வாங்கித் திருப்புகிறது. கேமரா நிழலைத் தூக்கிக் காட்டும், மஞ்சள் விளக்கின் நிறத்தைத் திருத்திவிடும், மூன்றடிப் படத்தைக் கையகலத்துக்குச் சுருக்கும். துணியில் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்தேக் ஓவியத்தில் இன்னும் சிக்கல். சுவா தியான் தெங் பினாங்கில் அதைத் துணிக் கைத்தொழிலிலிருந்து ஓவியமாக உயர்த்தினார். மெழுகு விரிசல்களுக்குள் சாயம் இறங்கும் விதமும் அதன் அழகில் ஒரு பகுதி. அந்த மயிரிழை விரிசல்களைக் கைப்பேசி வெறும் மங்கலாக்கிவிடும்.

அடுத்தது ஒளி. ஓவியக்கூடத்துக்கு வடக்குச் சன்னல் வேண்டும் என்று ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்லும், அங்கே வடக்கில் வெயில் நேராக விழாது என்பதால். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு நாலைந்து பாகை வடக்கே. ஏறக்குறைய ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம்தான் நிற்கிறது. வெறும் வடக்குச் சன்னல் இங்கே பாதி ஆண்டு வெயில் சன்னல். பின்மண்டபம் பழைய தோட்ட நிர்வாகக் கட்டடம் என்பதால் கூரை வெளியே நீண்ட தாழ்வாரத்தோடு இறங்குகிறது. ஜூன் மாத நண்பகலிலும் ஒரு மீட்டர் தாழ்வாரம் சுவரில் இரண்டரை மீட்டருக்கு மேல் நிழல் தரும். காலையும் மாலையும் சாய்ந்து வரும் வெயிலுக்குப் பக்கவாட்டில் மூங்கில் தட்டி போதும். அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் ஓவியத்தை நினைத்திருக்க மாட்டார், ஆனால் ஓவியத்துக்கு அதைவிடப் பொருத்தமான அறை நம் பட்டணத்தில் இல்லை.

சமூக மண்டப மாடியில் கூரை முழுதும் குழல்விளக்குகள். பிளாஸ்டர் உருவத்தை வைத்து வரையும்போது ஒரே திசையிலிருந்து ஒளி வர வேண்டும். அப்போதுதான் வெளிச்சம், நடுநிழல், ஆழ்நிழல், தரையில் விழும் நிழல் எல்லாம் தனித்தனியே தெரியும். நாலு பக்கமும் விளக்கு எரிந்தால் நிழல்கள் ஒன்றையொன்று தின்றுவிடும், உருண்டை தட்டாகிவிடும். விளக்குகளை அணைத்துவிடலாம் என்றால், மாடியின் சன்னல்கள் கிழக்கிலும் மேற்கிலும் இருக்கின்றன. காலை வகுப்பில் ஒரு மணி நேரத்துக்குள் நிழல் இடம் மாறிவிடும்.

தண்ணீர் இன்னொன்று. பிளாஸ்டர் உருவங்களையும் அவற்றை வார்க்கும் அச்சுகளையும் நாங்களே செய்கிறோம். மாதிரி வேண்டுமென்று யாரும் இத்தாலிக்கு எழுதத் தேவையில்லை. ரப்பர் காய், கொக்கோக் காய், செம்பனைக் குலையின் ஒரு கதிர், மரச்செதுக்குப் பலகை, இவையே போதும். அச்சுக்குப் பயன்படுவது ரப்பர் பாலே. வெட்டிய பால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும் என்பதால் அமோனியா சேர்த்து, நீரைக் குறைத்து 60 விழுக்காடு ரப்பர் உள்ள கெட்டிப்பாலாக்கி வாங்குகிறோம். முதல் பூச்சு மெல்லியதாக, காற்றுக்குமிழி இல்லாமல். ஒவ்வொரு பூச்சும் பால்நிறம் போய்த் தெளிந்த பிறகே அடுத்தது. எட்டுப் பத்துப் பூச்சுகள், நடுவில் இரண்டு அடுக்கு மருந்துக்கடைக் காஸ் துணி. வெளியே பிளாஸ்டர் ஓடு. பித்தளை, வெண்கலப் பொருள்கள் மேல் நேராகப் பூசக் கூடாது. செம்பு பட்டால் ரப்பர் பிசுபிசுத்துக் கெடும், அமோனியா உலோகத்தைக் கறைப்படுத்தும். குத்துவிளக்கைக் கொண்டுவரும் பெற்றோருக்கு இதை விளக்கித் திருப்பி அனுப்புகிறோம். வார்க்கும்போது பிளாஸ்டரைத் தண்ணீரில் தூவ வேண்டும், தண்ணீரைப் பிளாஸ்டரில் ஊற்றக் கூடாது. எடைக்கு 100 பங்கு பிளாஸ்டருக்கு ஏறத்தாழ 70 பங்கு தண்ணீர். ஓரிரு நிமிடம் ஊறவிட்டுப் பிறகு கலக்க வேண்டும். திறந்த மூட்டை நம் ஈரக்காற்றில் சில வாரங்களில் கெட்டுவிடும், அதில் வார்த்தது விரலால் தேய்த்தாலே உதிரும்.

கலந்த கையையும் வாளியையும் எங்கே கழுவுவது? பின்மண்டபத்துக்கு வெளியே தரைமட்டத் தொட்டியும் மூன்று வாளி வரிசையும் இருக்கின்றன. முதல் வாளியில் பெரும்படிவு, இரண்டாவதில் மிச்சம், மூன்றாவதில் தெளிந்த நீர் மட்டும் வாய்க்காலுக்கு. மாடியில் உள்ளது கைகழுவும் தொட்டி ஒன்று. அதில் பிளாஸ்டர் நீர் இறங்கினால் குழாய்க்குள் கல்லாகும், சுவரை உடைத்துத்தான் எடுக்க முடியும். பெரியவர்கள் வகுப்பில் எண்ணெய் வண்ணம் உண்டு. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் குவித்துப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். நாங்கள் தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, அன்றே வெளியே எடுத்துவிடுகிறோம். ஒரே படிக்கட்டு உள்ள மாடியில் டர்பன்டைனும் பிள்ளைகளும் சேர்ந்து இருக்கத் தீயணைப்புத் துறையின் ஆலோசனை கேட்கப்பட்டதா?

கலைக்கூடமும் இதில் இழக்கும். ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டினால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். நம் ஊர்க் காற்றில் அது தினசரி நிலை. கூடத்தின் குளிர்சாதனம் காலை 9 முதல் மாலை 5 வரை ஓடி நின்றுவிடுகிறது. குளிர்ந்த சுவரின்மேல் மாலைக் காற்று பட்டு, சட்டங்களின் பின்னால் ஈரம் கோக்கிறது. விட்டுவிட்டு ஓடும் குளிர்சாதனத்தைவிட எப்போதும் சுழலும் மின்விசிறி நல்லது என்று எழுதிக் கொடுத்தோம், பதில் இல்லை. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் கார்க் துண்டுகள் ஒட்டி இடைவெளி விடச் சொன்னோம். அதை மாணவர்களே செய்தார்கள். பதப்படுத்தாத ரப்பர் மரத்தில் செய்த சட்டங்களில் துளைப்பூச்சி விழுந்து மாவுபோல் தூள் கொட்டியதையும், நீர்வண்ணப் படங்களின் ஓரத்தில் பழுப்புப் புள்ளி வந்ததையும் முதலில் கண்டவர்கள் அவர்கள்தான். ஒரே படத்தை வாரக்கணக்கில் உற்றுப் பார்ப்பவர் வேறு யார்?

வாடகை வருமானம் மன்றத்துக்குத் தேவை என்பதை மறுக்கவில்லை. வகுப்புகள் சனி, ஞாயிறு காலையும் புதன் மாலையும்தான். தாங்கிகள் மடங்கும், ஒரு சுவரோரம் அடங்கிவிடும். மற்ற வேளைகளில் மண்டபத்தை வாடகைக்கு விடலாம். ஆனால் நிபந்தனைகளை எழுத்தில் வைக்க வேண்டும். புகை எந்திரம் கூடாது, அதன் மெல்லிய படலம் கதவிடுக்கு வழியாக ஓவியங்கள்மேல் படியும். சுண்ணாம்புச் சுவரில் இரட்டைப்பக்க டேப் கூடாது, பூச்சோடு பெயர்ந்து வரும். சாப்பாட்டு மிச்சம் அன்றிரவே வெளியேற வேண்டும். கரப்பான் வந்தால் பின்னாலேயே காகிதமும் பசையும் தின்னும் இராமபாணப் பூச்சியும் குடியேறும். காட்சி அறைக்குப் போகும் கதவு விருந்தின்போது பூட்டியிருக்க வேண்டும். பந்தலுக்கு இடம் கொடுக்கும் மண்டபங்கள் நம் பட்டணத்தில் ஏற்கெனவே பல உண்டு என்பதையும், ஓவியத்துக்கு இது ஒன்றுதான் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கேட்கிறோம்.

காட்சி அறைகளில் வரையத் தடைவிதிக்கும் உத்தரவை உடனே திரும்பப் பெறுங்கள். அதற்குப் பதிலாக நாங்கள் எழுதி இத்தோடு இணைத்திருக்கும் விதிகளைப் பரிசீலியுங்கள்: பென்சில் மட்டும், ஏ3 பலகை, சுவரிலிருந்து ஒரு மீட்டர், ஓர் அறையில் ஒரே வேளையில் ஆறு பேர், கரிக்குச்சியும் தண்ணீரும் உள்ளே கூடாது, படி ஐந்தில் ஒரு பங்கு அளவு மாறியிருக்க வேண்டும், அதன் பின்பக்கம் ‘படி’ என்று முத்திரை. அழிரப்பர் துகள்களைத் துடைத்துவிட்டுப் போவது மாணவர் பொறுப்பு.

இடமாற்றத்தை நிறுத்திவைத்து, முடிவெடுத்த உறுப்பினர்கள் ஒரு சனிக்கிழமை காலை 9 மணிக்கு வகுப்புக்கு வாருங்கள், பிறகு சமூக மண்டப மாடியையும் எங்களோடு வந்து பாருங்கள். தீயணைப்புத் துறையின் கருத்தையும், எதிர்பார்க்கும் வாடகை வருமானத்தின் கணக்கையும் எங்களுக்குக் காட்டுங்கள். கூடத்தின் கொள்முதல் குழுவில் கற்பிப்பவர் ஒருவருக்கு இடம் கொடுங்கள். இனி வாங்கும் படங்களில் அச்சுப் பிரதிகளை நிறுத்தி, நம் வட்டார ஓவியர்களின் கைவேலைகளை வாங்குங்கள். குளிர்சாதனம் பற்றி நாங்கள் கொடுத்த கடிதத்துக்கும் பதில் வேண்டும்.

அடுத்த முழு மன்றக் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் பதில் தாருங்கள். கூட்டத்தில் இந்த விஷயம் எடுக்கப்படும்போது எங்கள் பிரதிநிதிகள் இருவர் பேச அனுமதியும் தேவை. அதுவரை பின்மண்டபத்தை வாடகைக்கு விடும் முன்பதிவு எதையும் ஏற்க வேண்டாமென்று மன்ற அலுவலகத்துக்கு அறிவுறுத்துங்கள்.

இப்படிக்கு,
கலைக்கூட ஓவியப் பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர்களும் பெற்றோரும்